பின்வளவு வெயில்

என் புருஷன் மீராசா மௌத்தானது நெஞ்சடைத்து. கொலஸ்ட்ரோல் கூடிவிட்டதாம். எனக்கு மூத்தவர், என் கூடப்பிறந்த காக்கா றஸாக்குக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஜனாஸாவை அடக்கிய கையோடு என் குசினியில் மீன், முட்டை, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் நிறுத்தினார். மௌத்தானது அவர், பத்தியம் எனக்கு!

நான் இத்தாவுக்கு நாலு மாசமும் பத்து நாளும் அறையில் இருந்தேன். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது மார்க்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை அடிக்கச் சொல்லி எந்தக் கிதாபில் இருக்கிறது? வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பின்வளவைச் சுற்றி ஆளை மறைக்கிற மதில். அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்று கெஞ்சினேன்.

"வெயில்ல ஒனக்கு என்ன வேல புள்ள? ஊர் என்ன கதைக்கும்?" என்றார் காக்கா. "கடைய நான் பாக்கிறன். நீ நிம்மதியா இரி."

கல்முனைப் பசாரில் இருக்கும் அந்தப் பிடவைக்கடை நானும் மீராசாவும் சேர்ந்து உண்டாக்கியது. துணி எடுப்பதும் கல்லாவில் இருப்பதும் நான். அவர் சிரித்துச் சிரித்தே விற்றுவிடுவார். இத்தா முடிந்ததும் போய்க் கடையைத் திறப்பேன் என்ற நினைப்பில்தான் அந்த இருட்டைச் சகித்தேன்.

இத்தா முடிந்தது. வாசற்படி இறங்க முடியவில்லை. இடுப்பெலும்பு உளைந்தது, தொடையில் பலமே இல்லை. "துக்கம்" என்றார் காக்கா. துக்கமாம், மண்ணாங்கட்டி! என் மூத்த சகோதரி ராத்தாவின் மகள் அஸ்னாதான் ஓட்டோ பிடித்து என்னை டொக்டர் உசாந்தினியிடம் கூட்டிப்போனாள்.

இரத்தம் சோதித்துப் பார்த்த டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "விற்றமின் டி அடிமட்டத்தில இருக்கு. மீனையும் முட்டையையும் நிப்பாட்டினது ஆர்?"

"கொலஸ்ட்ரோல் எண்டு காக்காதான்..."

"உங்கட கொலஸ்ட்ரோல் அளவாத்தான் இருக்கு. அது இல்லாம உடம்பே இல்ல. கொலஸ்ட்ரோலா மாறப்போற ஒரு பொருள் தோலுக்குள்ள இருக்கு. அதில வெயில் பட்டாத்தான் விற்றமின் டி வரும். வெயிலும் இல்ல, மீனும் இல்ல எண்டா எலும்பு என்ன செய்யும்?" குளிசை எழுதித் தந்தார். முகத்திலும் கையிலும் வெயில் பட வேண்டும், தேற மாசக்கணக்காகும் என்றார்.

இதைக் கேட்டால் காக்கா வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் பூரித்துப்போனார்! மறுநாள் தானே பின்வளவில் கதிரை போட்டு, என்னைத் தாங்கி வந்து இருத்தினார்.

"டொக்டரே சொல்லிட்டாங்க, நீ வெயில்ல இரி. கடைய யோசிக்காத. என்ட மகன் றிபாத் கல்லாவில பழகிட்டான். கடைப் போர்டில பேரையும் மாத்தியாச்சு."

"சாவியத் தாங்க காக்கா."

"தாறன், தாறன். நீ முதல்ல எழும்பி நட புள்ள."

கதிரைக் கையை ஊன்றி எழும்பினேன். முழங்கால் மடங்கிவிட்டது. அவர் பாசமாகத் தோளைப் பிடித்து என்னை மறுபடி இருத்தினார். குனிந்தபோது அவருடைய சட்டைப்பைக்குள் சாவி கிலுங்கியது.

"நாசமாப் போ" என்று வாய்க்குள் சொன்னேன். பிறகு சத்தமாகவே சொன்னேன். கேட்டும் கேளாதவர் போல மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு என் கடையைத் திறக்கப் போய்விட்டார்.