பத்தாம் நம்பர் எங்கே கிடந்தது?

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகத்தான் பிறந்தது. மறைப்பானேன்? என் வீட்டுக்காரர் அஷ்ஃபாக் விருதுநகரில் டூல்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறேன். இரண்டில் எது சோறு போடுகிறது என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

ஒருநாள் அவர் சொன்னார்: "ஷாஹிதா, எப்பப் பாத்தாலும் செத்துப்போனவுகளப் பத்தியே எழுதுற. நம்ம கடைக்கு நாலு வரி எழுதேன். வீட்டுலயே வண்டி ரிப்பேர் பாக்குறவுகளுக்கு நட்டு கழட்டுற சாக்கெட் செட்டுல எது வாங்குனா லாபம்னு. வாட்ஸப்புல போடணும்."

எழுதினேன்.

*உங்கள் வண்டியின் நட்டு இனி உங்கள்* — அடித்துவிட்டேன். எனக்கே கூசியது.

*பெட்டியில் எத்தனை உருப்படி என்று எண்ணி ஏமாறாதீர்கள். அதில் உங்கள் வண்டி நட்டுக்குப் பொருந்துவது எத்தனை என்று பாருங்கள். ஆறு பட்டை சாக்கெட்டாக வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை துருப்பிடித்த நட்டில் வழுக்கி அதன் முனையை மழுக்கிவிடும். சாக்கெட்டை மாட்டித் திருகும் பிடியான ராட்செட்டைக் கையில் வாங்கித் திருகிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். கடைசியாக முக்கியமான ஒன்று: செட்டில் ஒரு சாக்கெட் தொலைந்துபோனால் அது மட்டும் தனியாகக்*

இந்த இடத்தில் பொன்மணி கடைக்குள் வந்தாள்.

(உண்மையில் அந்த நேரத்தில் நான் எதுவும் எழுதவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் ஒருத்தி உள்ளே வந்தால் கதைக்கு நன்றாக இருக்கும் என்று இப்படி வைத்துக்கொண்டேன். நான் பொய் சொல்கிற இடத்தை முடிந்தவரை காட்டிவிடுகிறேன். எல்லாவற்றையும் காட்ட முடியாது.)

2

அவளை முதலில் இப்படி எழுதினேன்: *கண்களில் சோகம் ததும்ப, ஓர் ஏழைப் பெண்* — தூ. சோகமாவது ததும்புவதாவது. தாயில்பட்டியிலிருந்து பஸ் மாறி வெயிலில் வந்த எரிச்சல்தான் அந்த முகத்தில் இருந்தது. காலண்டர் தாள்களுக்குத் தகரப் பட்டை அடிக்கிற வேலையாம்; கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் ஷட்டரின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுத்தாள். இது என்ன பழக்கம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டோம். பட்டாசு ஆபீஸில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வெடிமருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாவி, ஊக்கு, கொலுசு என்று பொறி கிளப்பக்கூடிய எதையும் உடம்போடு கொண்டுபோகக் கூடாது. எல்லாம் வாசலில் மரப்பெட்டியில் கிடக்கும். பட்டாசு வேலையை விட்டு வந்தபிறகும் கை இப்படிக் கண்டதையும் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒயர்கூடையிலிருந்து ஒரு பழைய சாக்கெட் செட் பெட்டியை எடுத்துத் திறந்தாள். எல்லாக் குழியிலும் சாக்கெட் இருந்தது, ஒன்றைத் தவிர.

"பாய், பத்தாம் நம்பரு குறையுது. தனியாக் கிடைக்குமா?"

அஷ்ஃபாக்குக்கு இது போதும். "இது பழைய செட்டும்மா. ஒண்ணுக்காக அலையாதீக. புதுசா எடுத்துருங்க, அதான் லாபம். இந்தா பாருங்க, ஆறு பட்டை. ராட்செட்டத் திருகிப் பாருங்க, எம்புட்டு நைஸா ஓடுது! பைக்குக்கு இது போதும். பெரிய பெட்டி வாங்குனா பாதி உருப்படி சும்மாதான் கெடக்கும். வீட்டுல யாரு ரிப்பேர் பாக்குறது?"

"எங்க வீட்டுக்காரரு. பாத்துக்கிட்டு இருந்தாக."

"அப்பச் சரி. புதுசப் பாத்தா சந்தோசப்படுவாரு."

"புதுசு வேணாம் பாய். இதே கம்பெனி. பளசா வேணும். துரு ஏறியிருந்தா ரொம்ப நல்லது."

அஷ்ஃபாக் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தன வருசத்துல துரு ஏறுனது குடுங்கன்னு கேக்குற மொத ஆளு நீங்கதாம்மா" என்று சொல்லிக்கொண்டே பின்கட்டில் இருக்கிற பழைய இரும்பு டிரம்மைக் கிளறப் போனார்.

3

அவர் போனதும் பொன்மணி என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"நீங்கதான கதை எழுதுறவுக? பஸ்ஸ்டாண்டுல வழி கேட்டப்பச் சொன்னாக."

எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். ஆமாம் என்றேன்.

"அப்ப உங்ககிட்டயே கேக்குறேன்."

அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அவள் சொன்ன வரிசையில் எழுதிப் பார்த்தேன், நடுவில் நிறுத்திவிட்டேன். கணவர் பெத்தணன் ஒரு பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்குகிறவர். போன தீபாவளி சீசனில் மருந்து அறை வெடித்தது. தட்டை எடுக்க வாசலுக்கு வந்து குனிந்திருந்ததால் அவர் பிழைத்தார். கை இரண்டும் வெந்து, விரல்கள் மடங்கி ஒட்டிக்கொண்டன. உள்ளே நின்றவன் சரவணக்குமார், பொன்மணியின் கூடப்பிறந்த தம்பி. விசாரணையில் காரணம் உராய்வு என்று எழுதி முடித்தார்கள்.

"அன்னிக்குக் காலையில தம்பி பைக்க இவுகதான்க்கா பிரிச்சு மாட்டிக்கிட்டு இருந்தாக. செயின் கவரு ஆடுதுன்னு. ஆபீஸ் வேன் வந்து ஆரன் அடிச்சதும் போட்டது போட்டபடி ரெண்டு பேரும் ஓடுனாக. ஆஸ்பத்திரியில இருந்து வந்து இந்தப் பெட்டியத் தொறக்குறாக, பத்தாம் நம்பரக் காணோம். அன்னையிலருந்து இதே பேச்சுதான். 'சட்டைப்பைக்குள்ள போட்டுட்டுப் போயிருக்கேன் பொன்மணி. குனிஞ்சப்பக் கீள விளுந்து பொறி தட்டியிருக்கு. நாந்தான் ஒந்தம்பியக் கொன்னுட்டேன்.'"

"வாசல்ல சோதிக்கிறவங்க இருப்பாங்கல்ல?"

"சீசன்லயா? லோடு ஏத்த லாரி நிக்கும், ஆர்டர் நிக்கும். ஒவ்வொருத்தரா நிறுத்தித் தடவிப் பாத்துக்கிட்டா இருப்பாக?"

தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து காலிக் குழியைப் பார்ப்பாராம். சோறு இறங்குவதில்லையாம். போன வாரம் ஊருக்கு வெளியே பாழுங்கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்; ஆடு மேய்க்கிறவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறார்கள்.

"அது வீட்டுலதான் கெடந்துச்சுன்னு நான் காட்டணும்க்கா. அதுக்குத்தான் பளசு. ஆனா எங்கன கெடந்துச்சுன்னு சொன்னா நம்புவாக? எனக்குப் பொய் சொல்ல வராது. உங்களுக்கு அதான வேலை."

பல பேர் என் எழுத்தைப் பற்றிப் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை. கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

4

இந்த இடத்தில் எனக்குப் பொன்மணி மேல் சந்தேகம் வந்தது. ஒரு கதாபாத்திரமாகச் சொல்கிறேன். தம்பியைப் பறிகொடுத்தவள் இப்படியா நின்று நிதானமாகப் பேசுவாள்? வாசகர் நம்புவாரா? பத்திரிகைக்காரர், "கொஞ்சம் அழ வையுங்கள்" என்பார்.

ஆகவே கேட்டேவிட்டேன். "உங்க கூடப்பிறந்த தம்பியில்ல? உங்க வீட்டுக்காரர் மேல கோவமே வரலையா?"

"வராம? கொதிக்குது. அவுக தூங்குறப்ப மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், என்னென்னமோ நினைப்பு வருது." துணி சுற்றிய விரலைத் தேய்த்துக்கொண்டாள். "தம்பிய மண்ணுல வச்சாச்சுக்கா. இவுகளையும் தூக்கிக் குடுக்க என்னால ஆகாது. அம்புட்டுத்தான்."

"அந்த சாக்கெட் அவர் சட்டைப்பைக்குள்ள இருந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்களா?"

"எனக்குத் தெரிய வேணாம்."

இதற்குமேல் அவளை நான் சந்தேகிக்கவில்லை. அழவும் வைக்கவில்லை.

5

*முதல் வரைவு: ஆட்டுக்கொட்டகையில் கிடந்தது.*

"அம்புட்டையும் சலிச்சுத் தேடிட்டாக. புளுக்கையக்கூட விடல."

*இரண்டாம் வரைவு: அடுத்த வீட்டு சீனிச்சாமி இரவல் வாங்கிப் போய்த் தரவில்லை, இப்போதுதான் ஞாபகம் வந்து*

"அவரா? தண்ணியப் போட்டா ஊருக்கே சொல்லிருவாரு. வேற ஆளு வேணாம்க்கா."

கதையில் தேவையில்லாமல் ஒரு ஆளை நுழைக்காதே என்று எனக்குச் சொல்லித்தர யாருமில்லாமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டாள்.

*மூன்றாம் வரைவு.* இது வந்ததுமே இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அன்னிக்குப் பிரிச்ச அந்த பைக் இப்ப எங்க இருக்கு?"

"வீட்டுப் பின்னாடி. படுதா போட்டு மூடி வச்சிருக்கு. அதுக்கப்புறம் யாரும் தொடல. அவுக அந்தப் பக்கம் போறதே இல்ல."

"சீட்டுக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லுங்க. ஹாரன் சத்தம் கேட்டு அவசரத்துல அதுக்குள்ள நழுவியிருக்கும். அப்படின்னா அது வீட்டைத் தாண்டியே போகலை."

"அப்ப அதத் தொறக்கணுமே" என்றாள் பொன்மணி. "அவன் மளைக்கோட்டு அதுக்குள்ளதான் இருக்கும்."

எனக்கு அது தோன்றவேயில்லை. பொருத்தமான இடம் கிடைத்த பூரிப்பில் இருந்தேன் நான்.

அஷ்ஃபாக் கையெல்லாம் கிரீஸோடு வந்தார். அதே கம்பெனி, பத்தாம் நம்பர், வேண்டிய அளவு துரு. ஆனால் இரவல் போனது திரும்பி வர வேண்டுமென்று பெத்தணன் ஒவ்வொரு சாக்கெட்டின் தோளிலும் அரத்தால் ஒரு கீறல் போட்டிருந்தார். இதிலும் போட வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். அஷ்ஃபாக் கிரைண்டரைப் போட்டார். பொறி பறந்தது.

பொன்மணி கடைக்குள் இல்லை. ரோட்டில் போய் நின்றிருந்தாள், வெயிலில், முதுகைக் காட்டிக்கொண்டு. அஷ்ஃபாக் "யா அல்லாஹ்" என்று அதை நிறுத்திவிட்டு, கை அரத்தை எடுத்துக் கீறி, புதுக் கீறல் பளபளக்காமலிருக்க கிரீஸும் செங்கல்பொடியும் வைத்துத் தேய்த்தார். சாக்கெட்டை ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்தார். அவள் வாங்கிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

6

அவள் போனபிறகு உட்கார்ந்து முடிவுகளை எழுதினேன்.

(அ) பெத்தணன் நம்புகிறார். அன்றிரவு வயிறாரச் சாப்பிடுகிறார். *— எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.*

(ஆ) கீறலைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறார். மறுபடி கிணற்று மேட்டுக்கு *— எழுத மாட்டேன்.*

(இ) பொன்மணி சீட்டைக் கழற்றுகிறாள். மழைக்கோட்டுக்கு அடியில் ஏற்கெனவே ஒரு பத்தாம் நம்பர் கிடக்கிறது. *— இப்படி நடந்திருந்தாலும் நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இருந்தும் இதைத்தான் பலமுறை எழுதிப் பார்த்தேன்.*

விளம்பரத்தை அஷ்ஃபாக்கே முடித்துப் போட்டுவிட்டார். தொலைந்தது தனியாகக் கிடைக்குமா என்ற வரியை எடுத்துவிட்டார்.

7

இந்தப் பகுதியை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் அவரைக் கடைக்கு வரவழைத்திருக்க மாட்டேன்.

மதிய நேரம். கவுண்டரில் ஒரு பழைய பெட்டியை வைத்து, மணிக்கட்டால் நெம்பித் திறந்தார். விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தன. பத்தாம் நம்பர் குழி நிறைந்திருந்தது.

"நான் பெத்தணன். தாயில்பட்டி. எம் பொண்டாட்டி இங்கன வந்தாளா?"

அஷ்ஃபாக் மின்விசிறியைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

"தம்பி பைக்குல சீட்டுக்கடியில கெடந்துச்சுன்னு எடுத்தாந்தா. அவன் மளைக்கோட்ட மடியில போட்டு அளுதா பாருங்க, எளவு வீட்டுலகூட அவ அப்படி அளல. நான் நம்பிட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறந்தான் அவ ஒரு வாய் சோறு தின்னா." மூச்சு வாங்கினார். "இப்ப அவ நல்லா இருக்கா. சிரிக்கக்கூடச் செய்யுறா. பெறகு ஒருநாள் அவ கூடையில இந்தப் பை கெடந்துச்சு."

சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னப் பையை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கி எடுத்தார். எங்கள் கடைப் பெயர், போன் நம்பர், 'நியாயமான விலை, நம்பிக்கையான சரக்கு'. அந்த வாசகமும் நான் எழுதியதுதான். இடம், காரணம், கீறல் எல்லாம் யோசித்தவள் பையை யோசிக்கவில்லை.

"வேற ஏதாச்சும் வாங்க வந்திருக்கலாம். ஆணி கீணி. அதான் கேக்க வந்தேன்." பத்தாம் நம்பரைக் குழியிலிருந்து நெம்பி, மடங்கிய விரல்களுக்கு நடுவில் வைத்து என் முன்னால் நீட்டினார். "இது இங்கன வாங்குனதா? எதுவா இருந்தாலும் அவகிட்டக் கேக்க மாட்டேன், சத்தியமா. எனக்குத் தெரிஞ்சாப் போதும். நான் தூங்கணும்க்கா."

*"இல்லைங்க, உங்க வீட்டுக்காரம்மா இங்க வரவே* — அடித்துவிட்டேன்.

*"ஆமாங்க, நான்தான் அவங்களுக்கு* — இதையும்.

என் தொழில் பொய் என்று ஒருத்தி சொன்னாள். அன்று அதை ஒத்துக்கொண்டு ஒரு பொய் செய்து கொடுத்தேன். இன்றைக்கு என் வாயிலிருந்து வர வேண்டியது ஒரே ஒரு சொல். அதை எழுத எனக்குத் தைரியமில்லை. உள்ளதைச் சொன்னால் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போவாரா, கிணற்று மேட்டுக்கா என்று தெரியாது. இல்லை என்று சொன்னால், ஏற்கெனவே ஒருத்திக்காக நம்புவதாக நடித்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு இன்னொரு பொய்.

ஆகவே நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து கல்லாவில் உட்காருங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் கையை நீட்டியபடியே நிற்கிறார். அந்தக் கையால் ரொம்ப நேரம் பிடித்திருக்க முடியாது, வலிக்கும். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.