கோமதிநாயகம் எழுந்திருக்கத் தேவையானவை

அந்த ஊரில் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை எழுப்பி காலாவதியாகிவிடும். காலையில் ஒருவருக்குள் முதலில் ஓடி, இன்று கண் விழிக்க வேண்டியவர் யார் என்று முடிவு செய்கிற மென்பொருளுக்குத்தான் எழுப்பி என்று பெயர். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கும். அதில் எழுந்தவர்கள் பெண்டாட்டியைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம், சௌக்கியமா?" என்பார்கள். குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

பவளத்துக்கு அந்த மரியாதை வேண்டாம். அவள் புருஷன் கோமதிநாயகம், எழுப்பி காலாவதியாகி, மூன்று நாளாக எழவில்லை. நான்காம் நாள் நண்பகலுக்குள் எழாவிட்டால் நகராட்சி ஆளே வந்து ரெடிமேடை ஏற்றிவிடுவார். அவருடைய எழுப்பியை மூல நிரலிலிருந்து வீட்டிலேயே கட்டிவிடுவது என்று முடிவுசெய்து, அடுத்த தெரு எப்சிபாவைக் கூட்டிவந்தாள். எழுப்பி கம்பைல் செய்வதில் எப்சிபா கைராசிக்காரி.

கட்டத் தொடங்குமுன் சார்புகள், அதாவது அந்த நிரல் ஓட எவையெல்லாம் தேவையோ அவை அத்தனையும் வீட்டில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரல் நகராது. பவளம் ஓடி ஓடிச் சேர்த்தாள். கம்பைலர், இரண்டு நிரல் நூலகங்கள், சீனி குறைத்த காபி, அவருடைய இடது செருப்பு. செருப்பில் பழைய பதிப்புதான் வேண்டும் என்றது எப்சிபாவின் கம்ப்யூட்டர் திரை. நல்லவேளை, அதை அவள் தூக்கிப் போட்டிருக்கவில்லை.

நான்காம் நாள் பதினொன்றரை மணிக்கும் திரை பாதியில் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு இல்லைங்குது அக்கா. அண்ணாச்சிய தினமும் எப்படி எழுப்புவீங்க?"

"எப்படி எழுப்புவேன்? ஃபேனை நிறுத்துவேன்."

எப்சிபா அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வேர்க்குமே, பாவம்னு நாலு நாளா நிறுத்தவே இல்ல" என்றாள் பவளம். சொல்லிக்கொண்டே சுவிட்சுக்குப் போனாள்.

நிறுத்தினாள். திரையில் வரிகள் கடகடவென்று ஓடி முடிந்தன.

"எவ அவ, ஃபேனை நிறுத்துனது?" என்றார் கோமதிநாயகம், கண்ணைத் திறக்காமலே.

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்வி அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றவில்லை.

எப்சிபா அதற்கும் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு சார்புதான். கீழே யாராவது தூங்க வேண்டும்.

பவளம் தூங்கி நாலு நாளாகியிருந்தது. கோமதிநாயகம் எழுந்து, தலையணையைத் தட்டிப் போட்டு, இடம் விட்டார். அவள் படுத்தாள்.

"நேரமானா நிறுத்திருங்க" என்றாள்.

அவளுக்குக் கண் சொருகச் சொருக ஃபேன் வேகம் பிடித்தது. கோமதிநாயகம் இடது செருப்பை மாட்டிக்கொண்டு, ஆறிப்போன காபியுடன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.