பங்கு வைத்தவன் கடைசி

சாத்தான் வேதம் ஓதும் என்பார்களே, அதை ஜெயசுதா தன் வீட்டு வாசலிலேயே பார்த்தாள். ஓதியது கூடப்பிறந்த அண்ணன் கொளஞ்சியப்பன். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷன், நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து நின்று இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலம் பிரித்த கதையைச் சொன்னான்.

"ஒங்க வேதத்துலயே கீது ஜெயா. அத்தினி கோத்திரத்துக்கும் நெலத்தப் பிரிச்சாங்களாம். லேவின்னு ஒரு கோத்திரத்துக்கு மட்டும் ஒரு குழி நெலம் கெடையாதாம். கர்த்தரே அவங்களுக்குச் சொத்தாம். நீதான் எந்நேரமும் கர்த்தர் கர்த்தர்னு சொல்லிக்கினு கெடக்குறியே, நீயும் லேவிதான். அப்புறம் ஒனக்கு இன்னாத்துக்குப் பங்கு?"

அவனுக்கு இந்த ஞானம் ஒலிபெருக்கி வழியாக வந்தது. களமருதூர் ஏரிக்கரைத் தகரக் கொட்டகையில் நடக்கும் சபையில், சில வாரங்களாகவே பாஸ்டர் கானான் தேசத்தைப் பங்கு போட்ட கதையைப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். எதிரே டீக்கடை. கொளஞ்சியப்பன் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குக் கேட்டான். தனக்கு வேண்டியது கிடைத்ததும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

"வர்ற வெள்ளிக்கெழம ரிஷிவந்தியம் கோயில்ல வச்சு நானும் தம்பியும் பாகம் பிரிச்சுக்கறோம். நீ அப்புறமா வந்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டுடு" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினான்.

ஜெயசுதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷன் செத்துத் தாய்வீட்டுக்கு வந்தவள் அவள். அப்பா படுக்கையில் விழுந்தபோது மலமூத்திரம் அள்ளியது அவள். கிணற்றுக் கொல்லையில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் மாற்றி மாற்றிப் போட்டு அந்த வீட்டில் அடுப்பை அணையாமல் காத்தவளும் அவள்தான். பெரியவன் அறுப்புக்கு வருவான், மூட்டையோடு போவான். சின்னவன் அறிவுச்செல்வன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபடி பொங்கலுக்குப் பொங்கல் வருவான். அப்பா தை மாதம் கண்ணை மூடினார். கிணற்றுக் கொல்லை போய்விட்டால் அவள் மறுநாளே கூலிக்கு நாற்று நடப் போக வேண்டும், அதுவும் அண்ணன் வரப்பிலேயே.

பாஸ்டரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஆவிக்குரிய பாடம் சிஸ்டர். கானான்னா பரலோகம். இந்த மண்ணுக்காகக் கூடப்பொறந்தவங்கள பகைச்சுக்காதீங்க" என்றார்.

"நெலத்தப் பிரிச்ச கதையில நெலத்துக்குப் பாடம் இல்லீங்களா? அப்புறம் இன்னாத்துக்குங்க அவங்க கயிறு புடிச்சு அளந்தாங்க?"

பாஸ்டர் ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினார். திறந்தபோது அவள் இல்லை.

ஏரிக்கரையில் நடக்க நடக்க அவளுக்குக் கர்த்தர் மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு பெரிய புத்தகத்தில் அண்ணன்காரனுக்கு மட்டும்தானா வசனம் இருக்கிறது? அப்போதுதான் முதல் வாரப் பிரசங்கத்தில் கேட்ட அக்கா தங்கைகள் ஐந்து பேரும் நினைவுக்கு வந்தார்கள். அப்பன் செத்துப்போன பெண்கள். அண்ணன் தம்பி கிடையாது, கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து மூக்கைச் சிந்தவில்லை. கர்த்தரைத் தொழும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில், தலைவன், ஆசாரியன், மொத்த ஜனம் எல்லோருக்கும் முன்னால் நின்று, எங்கள் அப்பன் பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டதால் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஜெயசுதா பஸ் ஏறினாள்.

வேதக்காரி கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் கொளஞ்சியப்பன் அந்த இடத்தைச் சொல்லியிருந்தான். உள்ளே இருப்பவரோ அர்த்தநாரீஸ்வரர், உடம்பிலேயே பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவர். அவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் கூடப்பிறந்தவளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்!

கோபுரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்த பங்காளிகளுக்கு நடுவில் இருந்தவர் பெரிய பங்காளி ராசு. அப்பாவுக்கு அண்ணன் முறை. இவள் சபைக்குப் போன நாளிலிருந்து இவளோடு பேச்சை நிறுத்தியவர்.

கோபுர வாசலில் அவளைக் கண்டதும் கொளஞ்சியப்பன் எழுந்து வந்தான். "வேதக்காரிக்கு இங்க இன்னா வேலை?"

"நான் உள்ள வரல. வாசல்லயே நின்னு கேக்கறேன். எங்கப்பன் நெலத்துல எனக்கும் பங்கு குடுங்க."

"நீதான் லேவியாச்சே!"

"லேவிக்குத் தனியா நெலம் இல்லதான். ஆனா மத்த கோத்திரமெல்லாம் தங்கிட்டேர்ந்து குடியிருக்க ஊரு குடுத்தாங்க, மாடு மேய நெலம் குடுத்தாங்க, வெளச்சல்ல பத்துல ஒண்ணு குடுத்தாங்க. நீ டீ குடிச்சதும் எழுந்து போயிட்ட. அப்பா நாறிப்போய்க் கெடந்தப்போ நீ எனக்கு இன்னா குடுத்த, சொல்லு."

பங்காளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். கொளஞ்சியப்பனின் முகம் கறுத்தது.

ராசு அவளைப் பார்க்காமல் அறிவுச்செல்வனைக் கேட்டார். "டேய், பத்திரத்துக்கு இவ கையெழுத்து வேணுமா?"

"வேணுங்க பெரிப்பா. ஆபீஸ்ல கேட்டேன். பொண்ணு கையெழுத்து இல்லாம ஆவாதுன்னுட்டாங்க" என்றான் அவன், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

"நான் போடமாட்டேன்" என்றாள் ஜெயசுதா.

"அப்ப மூணு பங்குதான். வையிடா கொளஞ்சி. நீதான மூத்தவன்" என்றார் ராசு.

அவன் வீட்டிலேயே இரண்டு பங்கு வைத்து முடித்திருந்தான். கிணற்றுக் கொல்லை தனக்கு. ரோட்டோரத்து நிலமும் அதையொட்டிய களர் மேடும் தம்பிக்கு. ரோட்டோரம் மனை போட்டால் நல்ல விலை போகும் என்று தம்பியைச் சம்மதிக்கவும் வைத்திருந்தான். இப்போது மூன்றாவது பங்கு என்றதும் அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பொய்யா?

"பங்குதான வேணும்? இந்தா! கெணத்துக் கொல்லை ஒண்ணு. ரோட்டோரம் ஒண்ணு. களர் மேடு ஒண்ணு. அங்க போயி ஒங்க கர்த்தரக் கூப்பிட்டு ஏர் ஓட்டச் சொல்லு!"

அந்தக் களர் மேட்டில் உப்புப் பூத்துக் கிடக்கும். வேலிக்காத்தானைத் தவிர ஒன்றும் முளைக்காது. கிணற்றுக் கொல்லைக் கிணற்றை விட்டால் எட்டின தூரத்துக்குத் தண்ணீரும் கிடையாது.

"பங்கு ஏத்தக் கொறச்சலா கீதே" என்று யாரோ முனகினார்கள்.

அவள் பேரம் பேச வாயைத் திறக்குமுன் அடைத்துவிட வேண்டும் என்று கொளஞ்சியப்பன் சூடத்தை ஏற்றினான். "வச்ச பங்கு வச்சதுதான். மாத்திப் பேசறவன் வெளங்கமாட்டான்!" என்று உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான்.

நுணலும் தன் வாயால் கெடும்.

ராசு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். அவருக்கு ஜெயசுதாவைப் பிடிக்காது. ஆனால் பரம்பரை வழக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவும் பிடிக்காது.

"மூத்தவன் பங்கு வச்சாச்சு. வழக்கப்படி கடைக்குட்டி மொதல்ல எடுக்கட்டும், வச்சவன் கடைசி."

"தம்பி, எடுடா" என்றான் கொளஞ்சியப்பன்.

"அவன் எங்கடா கடைக்குட்டி? இவ அவனுக்கு இளையவளாச்சே."

கொளஞ்சியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக, பிள்ளைகள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் "நானும் தம்பியும்" என்று சொல்லிச் சொல்லியே, தங்கச்சியைக் கணக்கில் வைக்க மறந்துபோயிருந்தான்.

"பொட்டச்சிக்கு ஏதுங்க இந்த வழக்கம்?"

"பங்கு உண்டுன்னா வழக்கமும் உண்டு. சூடம் அடிச்சது நீதான? ஜெயா, எடு."

ராசு அவள் பெயரைச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் அழக்கூடாது என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெணத்துக் கொல்லைங்க பெரிப்பா."

"அடுத்தவன்?"

"ரோட்டோரம்" என்றான் அறிவுச்செல்வன், எங்கே மாற்றிவிடுவார்களோ என்ற அவசரத்தில்.

கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினான். தாண்டும்போது, "இன்னையோட எனக்குத் தங்கச்சி இல்ல. நீ செத்தாலும் வரமாட்டேன்" என்று அவள் காலடியில் துப்பினான்.

ஜெயசுதா நகரவில்லை.

"ஏண்ணே, அந்தக் கதையில நீ கேக்காத பாடம் இன்னொண்ணு கீது. கேட்டுக்கினு போ. மொத்த தேசத்தையும் பிரிச்சுக் குடுத்தவன் யோசுவா. எல்லாரும் எடுத்தப்புறம் கடைசியாத்தான் அவன் பங்க வாங்கினான். அவனுக்கும் மேட்டு நெலந்தான்."

அவன் வண்டியை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தான்.

"களர் கழுவித் திருத்தத் தண்ணி ஜாஸ்தி புடிக்கும். பக்கத்துல என் கெணறு ஒண்ணுதான்" என்றாள் ஜெயசுதா. "வேணும்னா வா. நான் இன்னைக்கி நின்ன மாதிரி வாசல்ல நின்னு, நாலு பேர் முன்னாடி கேளு."