மடைக்கு இரண்டு பூட்டு

பாட்டில் மூடியைச் சரியாகத் திருகாதது ஸ்டேக்காரனின் குற்றம்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. கால்வாயில் மொண்ட கலங்கல் தண்ணீரை ஜட்ஜ் கண்ணால் பார்க்கட்டும் என்று பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். "ஐயா, இந்தத் தண்ணிதான் எங்க ரெண்டு பேரு நிலத்தையும் தாண்டி வீணாப் போவுது" என்று தூக்கிக் காட்டிய வேகத்தில் மூடி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். அவனுடைய வக்கீலின் அங்கி, மேஜை, வழக்குக் கட்டு எல்லாம் குளித்துவிட்டன. கேஸ் போட்ட நாளிலிருந்து அதில் தண்ணீர் ஓடியது அன்றைக்குத்தான்.

டவாலி சேவகர் துணி தேடி ஓடினார். ஜட்ஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கட்டு முதலில் காயட்டும் என்று வாய்தா போட்டார்.

ஊரில் அவனுக்கு ஸ்டேக்காரன் என்ற பட்டப்பெயர் வந்ததும் இதே லட்சணத்தில்தான். கால்வாயிலிருந்து பிரியும் மடை ஒன்று. முதலில் தங்கை புருஷனின் நிலம், அதைத் தாண்டி இவனுடைய எலுமிச்சைத் தோட்டம். மாப்பிள்ளை தண்ணீரை நடுவில் மறித்துக்கொள்கிறார் என்று கொதித்துப்போய், இன்றுள்ள நிலையே தொடர வேண்டும் என்று ஸ்டே கேட்கப் போனான். போகிற போக்கில், தான் இல்லாத நேரம் பார்த்து மாப்பிள்ளை திறந்துகொள்வாரோ என்று மடையை இறக்கிப் பூட்டும் போட்டுவிட்டுப் போனான். கேட்டது அப்படியே கிடைத்தது. அன்றைய நிலை, மடை மூடியிருந்த நிலை. மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? இவனை நம்ப முடியாது என்று கோர்ட்டில் சொல்லித் தன் பூட்டையும் மாட்டினார். அன்றிலிருந்து தண்ணீர் இருவரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வடிகாலுக்குப் போகிறது. மழை பெய்த வருஷங்களில் மரங்கள் எப்படியோ பிழைத்தன. இந்த வருஷம் மழை இல்லை. முதல் பூ எடுத்த மரங்கள் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கின்றன. இன்னும் ஒரு வாய்தா தாங்காது.

வராந்தாவில் வக்கீல் அங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சார், இந்தக் கேஸால தண்ணி வருமா, வராதா?"

"உரிமை நம்ம பக்கம் ஸ்ட்ராங்கா இருக்குய்யா."

"உரிமைய வேர்ல ஊத்த முடியுமா சார்?"

"பாப்போம். அடுத்த தடவ பாட்டில் மட்டும் வேணாம்."

பாப்போம்! மடையைத் திறக்க மனுப் போடுங்கள் என்று கெஞ்சிய போதும் இதே பாப்போம்தான். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு ஸ்டேக்காரனுக்குக் காது புளித்திருந்தது. கட்டடத்தையே பெயர்த்து மடை வாயில் போட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அது யார் மேல் என்று பார்த்தால், பாதி அந்த முதல் பூட்டை மாட்டிய கை மேல்.

வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஊருக்கு ஒரே பஸ், அதனால் வாதியும் பிரதிவாதியும் ஒன்றாகத்தான் வருவார்கள். தங்கை கட்டிக்கொடுப்பதும் ஒரே டப்பா. அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

"அந்தத் தண்ணிய ஒரு மரத்துக்காவது ஊத்தியிருக்கலாம் மச்சான்."

"கோர்ட் அவமதிப்பு மாப்ள. மரம் இன்றுள்ள நிலையிலதான் சாவணும்."

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. இவனே தலையில் தட்டினான். கொஞ்சம் பலமாகவே தட்டினான். எவ்வளவு கோபத்திலும் தங்கை புருஷனை 'நீ' என்று சொல்ல நாக்கு வராது. தட்டலில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

"நான் கேஸ வாபஸ் வாங்கிடறேன். ரெண்டு பூட்டையும் எடுத்துருவோம். உங்க நிலம் நனைஞ்சதும் எனக்கு விடுவீங்களா? பாப்போம் கீப்போம்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

மாப்பிள்ளை டப்பாவை மூடினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இவன் கண்ணைப் பார்த்தார்.

"விட மாட்டேன் மச்சான். விடணும்னுதான் அப்பவும் நெனச்சேன். பயிர் வாடி நிக்கறப்ப கை வரல. இனியும் வராது. கோர்ட்டு மாதிரி யாராவது என்னைப் பிடிச்சு நிறுத்தணும். கேஸ எடுத்துராதீங்க."

வராந்தாக் கம்பியில் குமாஸ்தா ஈரத் தாள்களைக் காயப்போட்டிருந்தார். ஒரு தாளின் நுனியில் கலங்கல் சொட்டு ஒன்று திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சிமெண்ட் வெடிப்பில் பெயர் தெரியாத ஒரு செடி.