தாடை உப்பிய மீன்

காலையிலிருந்தே மஸ்தூராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் பெருநாள். பொந்தியானாக் ஊரில் வீட்டுக்கு வீடு இறைச்சிச் சட்டி கொதித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் நோன்பு வாயோடு கொல்லைக் குளத்தங்கரையில் குந்தியிருந்து ஒரு மீனின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா மீனா அது? சிவப்பு அரோவானா, குஞ்சே நல்ல விலைக்குப் போகும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். ஆண்தான் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் நீந்தும்வரை பட்டினி கிடக்கும். அந்த மகராசனும் தாடை உப்பி, இரை தொடாமல், பல நாளாக மூலையில் ஒதுங்கி நின்றது. ஆனால் பயந்தால் போச்சு. பயந்த மாத்திரத்தில் வாயில் இருப்பதையெல்லாம் விழுங்கிவிடும். பெற்ற அப்பனே தின்றுவிடுவான், என்ன கொடுமை பாருங்கள்!

போன பெருநாளுக்கு அப்படித்தான் ஆனது. இரவெல்லாம் கப்புவாஸ் ஆற்றின் இரண்டு கரையிலும் பெருநாள் வழக்கப்படி பீரங்கிகள் வெடித்தன. விடியும்போது மீனின் தாடை தட்டையாகிக் கிடந்தது. மஸ்தூரா அன்று பெருநாள் சோறே தின்னவில்லை. இந்த முறையும் குஞ்சு தேறாவிட்டால் குளத்தைத் தூர்த்து வாடகை அறை கட்டிவிடுவதாகக் கணவன் ஜுனைதி தீர்த்துச் சொல்லிவிட்டான். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தக் குளம் ஒன்றுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கரையின் பீரங்கிக் கூட்டத்துக்கு அவள் கணவன்தான் தலைவன். பருத்த மரத்தைக் குடைந்து, பிரம்பால் வரிந்து கட்டி, உள்ளே கார்பைடும் தண்ணீரும் போட்டுத் தீ வைப்பார்கள். வெடித்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்கும்.

"அபாங், இந்த ஒரு வருஷம் மட்டும் வெடிக்காம இருங்களேன்" என்று கணவனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! நான் நிறுத்தினா எதிர்க்கரைக்காரன் நிறுத்துவானா? தோத்தாங்கோளிப் பயலுவன்னு வருஷம் பூரா சிரிப்பான்." ஜுனைதியின் சட்டையெல்லாம் கரி. "நேத்து சோதனைக்கு ரெண்டு வெடி போட்டோமே, அப்ப உன் மீனு என்ன பண்ணுச்சு?"

"நான் சந்தைக்குல்ல போயிருந்தேன். வந்து பாத்தேன், தாடை அப்படியேதான் இருந்துச்சு. அதுக்காக? ரெண்டு வெடியும் விடிய விடிய வெடிக்கிறதும் ஒண்ணா?"

"ஆத்தங்கரைல பொறந்து வளந்த மீனு அது, மஸ்தூரா. அதவிட நீதான் பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மஸ்தூரா சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் குஞ்சுகளை வாயிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு கட்டினாள். கண்ணாடித் தொட்டியில் இளஞ்சூட்டில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் விட்டு, நாத்தனார் ருக்கியைக் கூப்பிட்டாள்.

"காக், இன்னும் நாள் ஆகலியே. வயித்துல மஞ்சக்கரு தொங்குமே, பொழைக்குமா?" என்று அண்ணியிடம் கேட்டாள் ருக்கி.

"தொட்டியில எப்படியாவது பொழைக்க வச்சுருவேன். அப்பன் வயித்துக்குள்ள போனா எங்கேருந்து பொழைக்கிறது? வலையப் பிடி."

முறைப்படி செய்வதென்றால், குளத்துத் தண்ணீரை முழங்காலளவுக்கு மெல்ல மெல்ல வடிக்க வேண்டும். சத்தம் காட்டாமல், மீனே அறியாமல், வலையை மூலைக்கு ஒதுக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் எங்கே? வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பக்கம் பையன்கள் கும்மாளம் போடுவது கேட்கக் கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மார்பளவுத் தண்ணீரில் அப்படியே இறங்கினாள்.

மீன் மிரண்டது. விருட்டென்று பாய்ந்து பலகை வேலியில் மோதியது. திரும்பி அவள் இடுப்பை உரசிக்கொண்டு ஓடியது. "விடாதடி, விடாத!" என்று மஸ்தூரா கத்தினாள். கத்தக் கூடாது என்று தெரியும், ஆனாலும் கத்தினாள். ஒருவழியாக வலை சுருங்கியது. ஈரத் துண்டில் சுற்றி மீனைத் தூக்கியபோது அதன் உடம்பு படபடவென்று அடித்துக்கொண்டது.

"காக், தொண்டையப் பாருங்க! அசையுது!"

"ஐயோ, வேணாம்டா ராசா, வேணாம்" என்று மீனிடம் அழுதபடி கட்டைவிரலால் கீழ்த்தாடையைத் தளர்த்தி, தட்டில் சாய்த்தாள்.

தண்ணீர் வந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. கடைசியில் செம்மஞ்சள் கரு தொங்க, நூல் போன்ற வாலோடு ஒரே ஒரு குஞ்சு வழுக்கி விழுந்தது.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டாள் ருக்கி. "முழுங்கிட்டான்" என்றாள் மஸ்தூரா. மீனைத் தண்ணீரில் விட்டார்கள். குஞ்சை ருக்கி தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

நோன்பு திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மஸ்தூரா மறுபடி கரைக்கே வந்தாள். ஈரத்துணிகூட மாற்றவில்லை. அப்போது முதல் பீரங்கி வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. காலடி மண் குலுங்கியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு குளத்தைப் பார்த்தாள்.

கொல்லை விளக்கு வெளிச்சத்தில் மீன் தன் மூலையில் நின்றது. துடுப்புகூட அசையவில்லை. எதிர்க்கரையிலிருந்து பதில் வெடி வந்தது, அதற்கும் அசையவில்லை. மூன்றாவது வெடிக்கு மெல்ல மேலே வந்து காற்றை ஒரு மிடறு குடித்துவிட்டு இறங்கியது. தெருச் சத்தம் பழகிப்போன வீட்டுக்காரர் போல இருந்தது அது.

போன வருஷம் ஒவ்வொரு வெடிக்கும் ஓடி ஓடி வந்து, விழுங்கிவிட்டதா என்று அதன் கண்ணிலேயே டார்ச் அடித்துப் பார்த்தது யார்? அட பாவி, மீனை மிரட்டினது நான்தானா! அவள் கரையிலிருந்து பின்வாங்கினாள். தன் நிழல் தண்ணீரில் விழுவதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"காக், குஞ்சு வால ஆட்டுது! உசுரோட இருக்கு, வந்து பாருங்க!" என்று உள்ளேயிருந்து ருக்கி கூப்பிட்டாள்.

மஸ்தூரா வாசல்படியோடு நின்றுவிட்டாள். "தொட்டி மேல துணியப் போடு ருக்கி. இனிமே நீயே பாத்துக்க" என்றாள். "நான் கிட்ட வரல."