நீலத்துண்டுக்காரன் பேசிய வாரம்

நான்கு நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து பரிசம் போட வருகிறார்கள். அதற்குள் அந்த ஜப்பான் வீடியோ விளையாட்டைத் தமிழில் முடித்து என் தங்கை பூமணியின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் கல்யாணமாகிப் போன பிறகு கொடுத்து என்ன பிரயோசனம்?

எனக்கு எப்போதுமே ஓரிடத்தில் உட்கார வராது. அந்த வாரம் கேட்கவே வேண்டாம். மைலோ கலக்குவேன், குடிக்க மறப்பேன். ஜன்னலுக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று யோசிப்பேன், கம்ப்யூட்டருக்குத் திரும்பி ஓடுவேன். பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் கீழ்வீட்டு நல்லம்மாள் ஆன்டி, "என்ன தங்கமணி, நாள் முழுக்க தலைக்கு மேல மார்ச் பண்றே?" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். "கல்யாண வேலை ஆன்டி" என்றேன். பாதி உண்மை.

ஷா ஆலாமில் ஒரு ஜப்பான்காரக் கம்பெனியில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. அரசாங்கம் ஜப்பானுக்கு ஆள் அனுப்பிப் படிக்கவைத்த காலத்தில் நானும் இரண்டு வருஷம் போய் வந்தவள். மேனேஜர் கத்துவதைத் தொழிலாளிகளுக்கு மலாயில் சொல்ல வேண்டும். அவர் பத்து வார்த்தை கத்தினால் நான் நான்காகக் குறைப்பேன். குறைத்த இடத்தில் கொஞ்சம் சர்க்கரை போடுவேன். அந்தத் தொழிற்சாலையில் சண்டை வராததற்கு நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு.

பூமணிக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. அதுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழ் நன்றாக வாசிப்பாள், எழுதுவாள். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். பேசவும் முடியும், ஆனால் வாயைத் திறந்தால் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பதினைந்து வயதில் நிறுத்திக்கொண்டாள். வீட்டில் சைகைதான். சைகை போதாதபோது கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவாள். வெளியே அவளுக்காக நான் பேசுவேன். கிளினிக்கில், பேங்கில், பாசாரில், எங்கே போனாலும். அம்மா அப்பா இருந்த காலத்திலேயே அது என் வேலையாகிவிட்டது. இப்போது அவளுக்கு இருபத்தொன்பது, எனக்கு முப்பத்தாறு.

ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலையில் அவளுக்குச் சர்க்யூட் போர்டு பரிசோதிக்கும் வேலை. முதல் போனஸில் ஒரு ஜப்பான் கேம் பெட்டி வாங்கினாள். அதன் தலையில் பொருத்த இன்னொரு பெட்டி. அதில் கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போட்டால் விளையாட்டு ஓடும். அப்போது, தொண்ணூற்று ஏழில், கோலாலம்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் விளையாடினார்கள். பூமணி உயிரை விட்ட விளையாட்டு ஒன்றே ஒன்று. கழுத்தில் நீலத் துண்டு கட்டிய பையன் ஊர் ஊராகப் போவான். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவனிடம் பேசுவார்கள், ஆனால் குரலே கிடையாது. பேச்செல்லாம் திரையின் அடியில் எழுத்தாக வரும். அந்த உலகத்தில் எல்லோருமே எழுதித்தான் பேசுகிறார்கள்! ஒரு எழுத்தும் புரியாமல் அவள் அதை ஆறு தடவை முடித்திருந்தாள். ஒருநாள் தாளை என் முன்னால் வைத்தாள்: "இவங்கல்லாம் என்னதான் சொல்றாங்க?"

அங்கே பிடித்தது எனக்குக் கிறுக்கு.

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் விஜயனைப் பிடித்தேன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. விளையாட்டின் கோப்பைத் திறந்து எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று தேடவே அவனுக்கு ஒரு மாதம் ஆனது. ஜப்பான் எழுத்து இருந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். நான் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைந்து கொடுத்தேன். 'ஞ' மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. பிறகு மொழிபெயர்ப்பு. ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

அதில் ஒரு விஷயம் எனக்குப் பொறுக்கவே இல்லை. ஊரே அந்தப் பையனிடம் பேசுகிறது, அவன் மட்டும் வாய் திறப்பதில்லை. யாராவது கேள்வி கேட்டால் 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டு சொல் திரையில் வரும். விளையாடுகிறவர் ஒன்றை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். பாவம், மரம் மாதிரி நிற்கிறானே என்று அவனுக்கு நானாகவே வசனம் எழுதினேன். நன்றாகவும் எழுதினேன், பொய் சொல்வானேன்.

"அக்கா, இடம் இல்லக்கா" என்றான் விஜயன். "தமிழ் ஏற்கெனவே நீளமா போவுது. இவன் வேற பேசணும்னா எதையாச்சும் எடுக்கணும்."

"எதை எடுக்கலாம்?"

"அந்த 'இல்லை'ய எடுத்தா நெறைய மிச்சம். 'இல்லை'ன்னு அழுத்தினா, 'அப்படிச் சொல்லாதே தம்பி'ன்னு என்னமோ சொல்லிட்டு திரும்ப அதே கேள்வியதான் கேக்குது. 'ஆமாம்' அழுத்துற வரைக்கும் விடாது. சும்மா வேஸ்ட்டு."

"அப்ப எடுத்துடு லா" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாற்பத்து மூன்று கேள்விகள் இருந்தன. நாற்பத்து மூன்றையும் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பையனுக்கு வசனம் வைத்தோம்.

பெண் பார்க்க வந்தது பரிசத்துக்கு முந்தைய ஞாயிறு. மாப்பிள்ளை பழனியப்பன் கிள்ளானில் லோரி உதிரிச் சாமான் கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். பேச்செல்லாம் அவருடைய அக்கா இராஜம்மாதான். தேநீர் குடித்து முடித்ததும் பூமணியின் முகத்தைப் பார்த்தே, "பொண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். பூமணி கையைத் தூக்கினாள். எதற்குத் தூக்கினாள் என்று நான் பார்க்கவில்லை. அவளுக்கு வரும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய். "அவளுக்கென்னக்கா, முழுச் சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பூமணி கையை இறக்கிவிட்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெட்கம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை, "யோசிக்கணும்" என்று எழுதிக் காட்டினாள். "யோசிக்க என்ன இருக்கு? தங்கமான இடம்" என்றேன். செவ்வாய்க்கிழமை சேலை எடுக்கலாமா என்று கேட்டேன், தலையாட்டவில்லை. புதன்கிழமை திரும்பக் கேட்டேன். மூன்றாம் தடவை சலித்துப்போய்த் தோளைக் குலுக்கினாள். சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை விஜயன் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தான். பூமணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

திரையில் தமிழ் வந்தது. மீன் விற்கிற கிழவி, "என்னப்பா, ராத்திரியெல்லாம் எங்கே சுத்தினே?" என்று கேட்டாள். பூமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரையைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், மறுபடி சிரித்தாள். ஆறு தடவை பார்த்த முகங்கள் முதல்முதலாக அவளிடம் பேசின. ஒன்பது மாதத்துக்கும் கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஊர்த்தலைவர் வீட்டுக்குள் போனாள். "எங்கள் ஊருக்காக மலைக்குப் போவாயா?" என்று தலைவர் கேட்டார். உடனே நீலத்துண்டுக்காரன் நான் எழுதிய வசனத்தைப் பேசினான்: "கவலைப்படாதீங்க ஐயா, உயிரைக் கொடுத்தாவது போறேன்!"

பூமணியின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். விளையாட்டை நிறுத்தி மறுபடி போட்டு, அதே வீட்டுக்குள் போனாள். அதே கேள்வி, அதே வசனம். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள்.

"இல்லை எங்கே?"

"அது எதுக்குடி?" என்றேன் அவள் முன்னால் குனிந்து. "இல்லைன்னு சொன்னாலும் திரும்ப அதையேதானே கேக்குது. அதான் எடுத்துட்டோம்."

"தெரியும். ஆனாலும் அழுத்துவேன். நாலு தடவை அழுத்துவேன். அப்புறம்தான் போவேன்." தாளைத் திருப்பி, அச்சடித்த பக்கத்திலும் எழுதினாள். "இவன் ஏன் பேசுறான்?"

"பாவம்னு நான்தான் எழுதினேன். பேசாமலே நிக்கிறானேன்னு…"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பாவம்' என்ற சொல்லை அவள் படித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. கையைக் கொண்டுபோய் வாயைப் பொத்தினேன். பயனில்லை.

பூமணி இன்னொரு தாளைக் கிழித்தாள். இந்தத் தடவை பேனா அவசரப்படவில்லை.

"போன ஞாயிறும் இப்படித்தான். என் வாயில நீ பேசிட்டே. நான் கை தூக்கினது வேண்டாம்னு சொல்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம். எத்தனை கிளினிக், எத்தனை கவுண்டர், யாருக்காகடி பேசினேன் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். திரையில் அந்தப் பையன் என்னுடைய வசனத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். ஆச்சரியக்குறியோடு. அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பூமணி என் தோளைத் தட்டவில்லை. டெலிபோனைக் காட்டினாள்.

மறுநாள் தட்டோடு வந்து நிற்பார்கள். அவளால் போனில் பேச முடியாது. நான்தான் பேசியாக வேண்டும். அவள் ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு, என் உதடு தெரிகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இராஜம்மா அக்கா, பூமணி ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கா. அப்படியே படிக்கிறேன். 'இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். பூமணி.'"

"என்னம்மா, விளையாடுறியா? போன வாரம் முழுச் சம்மதம்னே?"

"அது நான் சொன்னது. அவ சொல்லல. தப்பு என்னோடதுதான்க்கா."

"சரி, தம்பிகிட்ட என்ன குறையாம்? அதையாச்சும் சொல்லு."

என் நாக்கு துறுதுறுத்தது. மூன்று நல்ல காரணம் தயாராக இருந்தது. ஜாதகம், உடம்பு, அம்மா செத்து வருஷம் திரும்பவில்லை. எதைச் சொன்னாலும் இராஜம்மாவுக்கு மனம் கொஞ்சம் ஆறும். சர்க்கரை போட எனக்கா தெரியாது? ஆனால் தாளில் காரணம் இல்லை. எதிரே பூமணி கண் கொட்டாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணம் எழுதலக்கா."

"அவ எழுதலைன்னா நீ சொல்லேன்."

"எனக்குத் தெரியாது" என்றேன். பூமணியைப் பற்றி வெளியார் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சின்னப் பொண்ணு, பயப்படுது. இன்னொரு தடவை கேளு."

கேட்டேன். பூமணி தாளில் விரலை வைத்தாள். "வேண்டாமாம்."

"ஒரு மாசம் தள்ளிப் போட்டா?"

அதையும் அப்படியே கேட்டேன். அதே தாள், அதே விரல். "வேண்டாமாம்க்கா."

"முடிவா கேக்கிறேன், நல்ல இடத்த விடுறோம்னு அந்தப் புள்ளைக்குப் புரியுதா? வேண்டாம்தானா?"

பூமணி தாளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "வேண்டாமாம்" என்றேன். கிள்ளானில் போனை வைத்துவிட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

பூமணி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். எழுந்துபோய், ஆறிப்போன என் மைலோவைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்து குடித்தேன். பிறகு விஜயனுக்கு போன் போட்டேன்.

"விஜயா, அந்தப் பையன் பேசுறதையெல்லாம் எடுத்துடு."

"ஐயோ அக்கா, ஒம்பது மாசம்!"

"எடு லா."

"எடுத்தா அவ்வளவு இடமும் காலியா கெடக்குமே. என்னத்த வைக்கிறது?"

"அந்த நாப்பத்து மூணு 'இல்லை'யையும் திரும்ப வை" என்றேன். "அவங்க திரும்பத் திரும்பக் கேக்கிறாங்க பாரு, அதையும் விடாம வை."