பிளந்த பாறைக்கு எந்தப் பக்கம்

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரார் கால் நோகாமல் மேலே போக வழி செய்துகொடுத்துவிட்டு, விடுமுறை வந்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையேறப் போய்விடுவார். இணையத்தில் அவர் இருந்த மலையேறுவோர் குழுவில் அவருக்கு 'லிஃப்ட்' என்றே பெயர். முகம் பார்த்தறியாதவர்கள்கூட, "லிஃப்ட் அண்ணே, இன்னைக்கு எத்தனாவது மாடி?" என்று எழுதுவார்கள். பதிலுக்கு அவர் ஒரு படத்தைப் போடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டார்.

மலை அவரை ஒன்றும் செய்யவில்லை. ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் இயந்திர அறையில், நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இதயம் நின்றுவிட்டது. கூட வேலை பார்த்தவர், அண்ணன் கண் அசந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, ஸ்பேனரைக்கூடச் சத்தமில்லாமல் கீழே வைத்திருக்கிறார். பிறகு அதை என்னிடம் சொல்லி அவர் தேம்பியபோது நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

குழுவில் செய்தியைப் போட்டது என் கொழுந்தன். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மலைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவன் போட்ட செய்திக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். அவர் எப்போதோ போட்ட படங்களையெல்லாம் தேடியெடுத்து மறுபடி போட்டார்கள். எல்லோரும் அதிகமாகப் போட்டது பிளந்த பாறைப் படத்தை. புல் சரிவு ஒன்று மேலே ஏறிப்போகும். அதன் உச்சியில் ரொட்டியைப் பிட்டு வைத்தாற்போல் இரண்டாய்ப் பிளந்த ஒரு பெரிய பாறை. பாறைக்கு வலப்பக்கம் ஒரு ஒற்றையடித் தடம் வளைந்து மறையும். இடப்பக்கம் ஒன்றுமில்லை, வெறும் வெளிச்சம்.

அந்தப் படத்தை அவர் குழுவில் போட்ட மாலை நான் பக்கத்தில்தான் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் பாறை சட்டென்று இடம் மாறிக் குதித்தது போலிருந்தது.

"என்ன பண்ணீங்க?"

"புரட்டிப் போட்டேன். கண்ணாடில தெரியிற மாதிரி. இடது வலதாயிடும், வலது இடதாயிடும்."

"எதுக்கு?"

"வழி தெரியக் கூடாதுல்ல. அந்த ஓடைப் படம் ஞாபகம் இருக்கா? நேரா போட்டேன். பின்னால தெரிஞ்ச மலை வரிசையை வச்சே இடத்தைக் கண்டுபுடிச்சுட்டானுங்க. அடுத்த சீசன்ல போனா ஓடை முழுக்க பாட்டில். ஒரு மரத்துல ஜோடி ஜோடியா பேரு செதுக்கியிருக்கு. அதுலேருந்து நல்ல இடம்னா புரட்டிடுவேன்."

"நீங்களே இப்படிப் பண்ணலாமா? குழுவுக்கு நீங்கதானே சட்டாம்பிள்ளை?"

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. குழுவை நடத்திய மூன்று பேரில் அவரும் ஒருவர். 'கண் பார்த்ததை மட்டும் போடு, திருத்தாதே' என்பது அவரே எழுதிவைத்த விதி. மப்பும் மந்தாரமுமாக இருந்த ஒரு படத்தில் ஒருவர் செயற்கையாகச் சூரியனை ஒட்டிப் போட்டதற்காக, எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை கடுமையாக எழுதி அவரை வெளியே அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அந்த ஆளுக்கு 'சூரியன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அவன் இல்லாததை ஒட்டினான். நான் இருக்கறதைத்தானே புரட்டறேன்? தினம் கண்ணாடில உன் மூஞ்சியைப் பாக்கறியே, அது பொய்யா?"

"அது என்னமோ, பொய்யாவே இருந்துட்டா நல்லா இருக்கும்."

சிரித்தார். பிறகு திரையில் விரலை வைத்துக் காட்டினார். "நிஜத்துல தடம் பாறைக்கு இந்தப் பக்கம், இடது கைப்பக்கம். வலது பக்கம் போனா வழுக்குப் பாறை. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. காத்துதான்."

அவர் போன பிறகு, குழுவில் அவர் நினைவாக ஒரு மலையேற்றம் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். எங்கே என்று பேச்சு வந்ததும் எல்லோரும் பிளந்த பாறை என்றார்கள். எந்த மலை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எந்த பஸ் ஏறினார், எங்கே இறங்கினார் என்று தம்பியிடம் ஒருமுறை வாய்விட்டிருக்கிறார். அவன் பெருமையாக அதைக் குழுவில் போட்டுவிட்டான். மீதியை, குழுவில் எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிடும் பூகோள ஆசிரியர் பார்த்துக்கொண்டார்.

நான் பஸ் டிப்போவில் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த வழி என்று டூட்டி போடுவது என் வேலை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது, கொழுந்தன் என்னையும் சேர்த்துவிட்டிருந்த அந்தக் குழுவில் வாத்தியாரின் குறிப்பு வந்திருந்தது. 'மேலே எந்நேரமும் பனிமூட்டம் இருக்கும். ஆடு மேய்ந்த தடங்கள் எல்லாப் பக்கமும் போகும், ஏமாறக் கூடாது. லிஃப்ட் அண்ணன் படத்தை எல்லாரும் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளந்த பாறை வந்ததும் வலப்பக்கம் பிடிக்க வேண்டும்.'

டப்பாவை மூடிவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டேன். கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டான்.

"அண்ணனா? புரட்டினாரா?"

"ஆமா."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி."

"சொல்லாம? அம்பது பேர் போறாங்கப்பா. நீயும்தான் போற."

"அதான் சொல்றேன். நான் கூடப் போறேன்ல? பாறைகிட்ட முதல்ல போய் நின்னுக்கறேன். அண்ணன் எங்கிட்ட வாய்ல சொன்னாரு, இடது பக்கம்தான் வழின்னு சொல்லிடறேன். யாரு என்ன கேக்கப் போறாங்க?"

"படத்துல வலது பக்கம் இருக்கேன்னு கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும். அவரு செத்து மாசம் திரும்பல. அதுக்குள்ள அவரு பொய்யன்னு ஊர் வாய்ல விழணுமா? சூரியனை வெளிய தள்ளினதுக்கே இன்னும் அவரைக் கரிச்சுக் கொட்ற ஆளு இருக்காங்க. இது தெரிஞ்சா அவ்வளவுதான், மென்னு துப்பிடுவாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவருக்கென்று சொத்து எதுவும் இல்லை. பெயர் மட்டும்தான் இருந்தது, அதுவும் பாதி விளையாட்டுப் பெயர். அவன் முதல் ஆளாக நின்றால் காரியம் முடிந்தது என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் டிப்போவுக்குள் நுழையும்போதே போன் அதிர்ந்தது. சூரியன் எழுதியிருந்தார். என் கணவர் இறந்த பிறகு வாத்தியார்தான் பெரிய மனது பண்ணி சூரியனை மறுபடி குழுவில் சேர்த்திருந்தார். 'நான் முன்னாடியே கிளம்பிட்டேன். கூட்டம் வர்றதுக்கு முன்னால லிஃப்ட் நின்ன இடத்துலயே நின்னு ஒரு படம் எடுக்கணும். இந்தத் தடவை சூரியன் தானா வரட்டும்.' கூடவே மலையடிவாரக் கடை ஒன்றின் படம். பின்னால் பனியில் பாதி கரைந்த மலை.

கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"அவருக்கு மட்டும் தனியா அனுப்புங்க அண்ணி," என்றான் உடனே. "விஷயம் அவரோட போயிடும்."

"அவர் போனது நமக்குத் தெரியும். சொல்லிக்காம இன்னும் யாரு கிளம்பியிருக்கா, உனக்குத் தெரியுமா? அந்தப் படம் எங்கெங்க போயிருக்கோ."

"வாத்தியாரை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. வழி மாறிடுச்சுன்னு சொல்லட்டும்."

"வாத்தியாரு சொன்னா, லிஃப்ட் படத்துல அப்படி இல்லையேன்னு படத்தைத்தான் நம்புவாங்க. உங்க அண்ணனை அவ்வளவு நம்பறாங்கடா."

கடையில் யாரோ டிஸ்ப்ளே மாற்ற என்ன ஆகும் என்று கேட்பது போனில் கேட்டது.

"உங்க இஷ்டம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

பிளந்த பாறைப் படங்கள் இரண்டையும் என் கணவரின் கம்ப்யூட்டரிலிருந்து முந்தின இரவே என் போனுக்கு மாற்றியிருந்தேன். குழுவில் போட்டது ஒன்று. போடாதது மற்றொன்று, அதில் தடம் இடப்பக்கம் இருந்தது. போடாததைப் போட்டேன். கீழே எழுதினேன்: 'என் கணவர் பிளந்த பாறைப் படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டார். இடத்தைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் செய்தார். வழி பாறைக்கு இடப்பக்கம். வலப்பக்கம் போகாதீர்கள், அங்கே பள்ளம்.' என் எண்ணையும் கொடுத்தேன். வாத்தியார் அடிவாரக் கடைக்குப் பேசிப் பார்த்தார். பெரிய பையோடு ஒருவர் கொஞ்ச நேரத்துக்கு முன்னாலேயே மேலே போய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னாராம்.

குழுவில் எழுத ஆரம்பித்தார்கள். 'லிஃப்ட்டா? நம்ப முடியல.' 'அப்ப மத்த படமெல்லாம்?' 'ஊருக்குத்தான் உபதேசம் போல.' 'போனவரைப் பத்தி இப்ப எதுக்கு இதெல்லாம்?' 'அந்தம்மா ஒரு உயிரைக் காப்பாத்தப் பாக்கறாங்கய்யா, வாயை மூடுங்க.' படிக்கப் படிக்க என் கணவர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாரோ ஆகிக்கொண்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டூட்டி சார்ட்டை எடுத்தேன். ஒரே டிரைவரை இரண்டு வண்டிக்குப் போட்டிருந்தேன்.

"அக்கா, என்னை ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி குடுக்கப் போறீங்களா?" என்று அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண்.

"சூரியன் பேசறேன்."

"சூரியனா?" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"பெரிய இடமா இருக்கே," என்று டிரைவர் ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

காற்றின் இரைச்சல் கேட்டது. சூரியனின் குரல் வந்து வந்து போனது.

"பாறைகிட்ட இருக்கேன். இப்பத்தான் டவர் கிடைச்சுது. நீங்க போட்டதைப் பாத்தேன்."

"வலப்பக்கம் போயிடலையே?"

"ஒரு பத்தடி போனேன். கால் வழுக்குச்சு. திரும்பி வந்து உக்காந்திருக்கேன். ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு. இடது பக்கமும் அதே மாதிரிதான் வழுக்குது. அதான் கேக்கறேன், நீங்க இப்பப் போட்டது நேர்ப் படம்தானே?"

"ஆமா."

"நிச்சயமா?"

என் கணவர் எப்போதோ சலித்துக்கொண்டது அந்த நொடியில்தானா காதில் விழ வேண்டும்: 'சே, இன்னைக்கும் மாத்திச் சேமிச்சுட்டேன். எது நேரு எது புரட்டினதுன்னு எனக்கே குழம்புது.' அது எந்தப் படத்தைப் பற்றி என்று எனக்கு நினைவில்லை. அவர் திரையில் விரல் வைத்துக் காட்டியது இடது என்றுதான் நினைவு. ஆனால் அப்போது திரையில் இருந்தது நேர்ப் படமா, புரட்டினதா? அந்த மலையை நான் பார்த்ததே இல்லை. நாலு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

"அப்படித்தான் நினைக்கிறேன்," என்றேன்.

"நினைக்கிறீங்களா?"

"எந்தப் பக்கமும் வேண்டாம். வந்த வழியே இறங்கிடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம்.

"அவரு வெளிய போன்னாரு. நீங்க கீழ போங்கறீங்க. நல்ல குடும்பம்மா."

"திட்டிக்கங்க. இறங்கி வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

"திட்டத்தான் வந்தேன்," என்றார். "அவரு நின்ன இடத்துல நின்னு, அவரை மாதிரியே ஒரு படம் எடுத்துப் போட்டு, பாத்தியாடான்னு கேக்கணும்னு..." அதோடு டவர் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் போட்ட டூட்டிகளை எல்லாம் சக ஊழியர் ஒருமுறை சரிபார்த்துத்தான் ஒட்டினார். பிற்பகலில் சூரியன் குழுவில் ஒரு படம் போட்டார். வெறும் பனி, பாறையின் ஒரு ஓரம் மட்டும் நிழலாட்டமாகத் தெரிந்தது. கீழே, 'திருத்தாத படம். அடிவாரம் வந்து சேர்ந்துட்டேன்' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். என் கணவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை எழுதவில்லை. மற்றவர்கள் எழுதினார்கள். நினைவு மலையேற்றம் நின்றது. அவர் படங்களை எடுத்துவிடுவதா வைத்திருப்பதா என்று குழு இரண்டுபட்டது. வாத்தியார் என்னிடம் மிகவும் மரியாதையாக, "கொஞ்ச நாளைக்கு மறைச்சு வைக்கறோம்மா" என்றார்.

கொழுந்தன் சில வாரங்கள் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாப்பா."

வந்தான். உட்காரவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்தின் முன்னால் போய் நின்றான். மலைச்சரிவில் வெறுந்தலையோடு அவர் நேராக நம்மைப் பார்க்கும் படம். குழுவிலிருந்து எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டியது அவன்தான்.

"அண்ணி, இதுவும் புரட்டினதா?"

எனக்கு அந்த எண்ணமே வந்ததில்லை. "தெரியலையேப்பா."

"அண்ணன் வகிடு எந்தப் பக்கம் எடுப்பாரு?"

"இடது பக்கம்."

"வலது பக்கம்னு நினைக்கிறேன்."

"நான் தினமும் பாத்தவ."

"நான் பொறந்ததுலேருந்து பாத்தவன்."

அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பீரோ கண்ணாடிக்கு எதிரே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். கண்ணாடிக்குள் அவனும் அண்ணனும் தெரிந்தார்கள். வெகுநேரம் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"இதோ, இதுதான் அண்ணன்," என்றான், கண்ணாடிக்குள் இருந்தவரைக் காட்டி.

நான் அவன் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். எனக்கு அது அவர் இல்லை. அவன் கையில் இருந்தவர்தான் அவர். சொல்லலாமா என்று நினைத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.